ஊரிலே ஒரு வீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் கிராமத்தில் வீடு கட்ட முனைந்தவர் மனையடி சாத்திரம் பார்த்து, நல்ல நாள் குறித்து, கொத்தனாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால் போதும். மறுநாளே கடைக்கால் வெட்டத் தொடங்கிவிடலாம். பணமும் ஆளும் பற்றிய கவலையைத் தவிர வேறு கவலை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இன்று அந்தப் பழமொழியுடன் ‘அனுமதி வாங்கிப் பார்’ என்று ஒரு தொடரையும் சேர்த்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. “உத்தியோகம் முடிந்ததும் ஊரில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும்” என்பதே அது. எங்கள் இல்லத்திலும் அப்பேச்சு நாற்பது ஆண்டுகளாக நடந்து வந்தது. அது பேச்சாக இருந்தவரை இன்பமாகவே இருந்தது. செயலாக மாறியபோது நேர்ந்தவற்றை, பிறருக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் 1964-ஆம் ஆண்டில், தம் இருபத்தோராம் வயதில் தில்லிக்கு வந்தவர். சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. அங்கே பாட்டனார் காலத்து ஓட்டு வீடு ஒன்று இருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்துக்கு அருகில் கரையேறிய கஜா புயல் அவ்வீட்டின் கூரையைப் பெயர்த்ததோடு, கொல்லையில் நின்ற தென்னைகளையும் வேரோடு சாய்த்துச் சென்றது. எஞ்சியது ஒரு கிணறும் சில மண் சுவர்களுமே. தந்தையாருக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. நானும் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுச் சர்க்கார் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியவன். ஆகையால் 2024 ஜனவரியில், “இனிக் காலம் தாழ்த்தலாகாது” என்று முடிவு செய்து ஊருக்குப் புறப்பட்டேன். பையில் ஒரு வீட்டுப் படமும் இருந்தது. தெருவை நோக்கி அறுபதடி நீளத்துக்குத் திண்ணை, நடுவே அகன்ற வாயில், இருபுறமும் அறைகள். தந்தையார் தம் கையாலேயே சதுரக் கோடு போட்ட தாளில் வரைந்த படம் அது.

கிராமத்தில் வீடு கட்ட அனுமதி எதற்கு என்று கேட்பவர் இன்னும் இருக்கின்றனர். சித்தப்பாவும் அவ்வாறே கேட்டார். “நம் மனையில் நாம் கட்டுவதற்கு யாரைக் கேட்பது?” என்றார். நகரங்களுக்கு ஒரு சட்டம், கிராமங்களுக்கு ஒரு சட்டம் என்றிருந்த நிலை பெரும்பாலும் மாறிவிட்டது. முன்பு கிராமங்களுக்கென 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் இருந்தன. 2019 பிப்ரவரி 4-ஆம் நாள் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. அன்று முதல் சென்னை மாநகரத்துக்கும் எங்கள் சிற்றூருக்கும் விதிநூல் ஒன்றே. மனைப் பரப்பைப் போல் இருமடங்குக்கு மேல் தளப்பரப்பு கூடாது என்பதும், தெருவின் அகலத்துக்கேற்ப முன்புறத்தில் இடம் விட வேண்டும் என்பதும், பக்கங்களில் காற்றும் வெளிச்சமும் புக இடைவெளி வேண்டும் என்பதும், மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்பதும் அங்கும் செல்லும், இங்கும் செல்லும். அனுமதி பெற்ற வரைபடம் இல்லையேல் வங்கி கடன் தராது. பாதியில் ஊராட்சி அறிவிப்பு ஒட்டினால் கொத்தனார் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். தொலைவில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. உள்ளூரில் இருப்பவராவது நாள்தோறும் நடந்து போய் நிற்கலாம்.

ஊராட்சிக் காரியாலயத்தில் என்னை மரியாதையாகவே வரவேற்றனர். எழுத்தர் கேட்ட முதற் கேள்வி வீட்டைப் பற்றியதன்று. “பட்டா யார் பேரில் இருக்கிறது?” என்றார்.

அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல எனக்குப் பதினெட்டு மாதங்கள் பிடித்தன.

எங்கள் மனை கிராம நத்தத்தில் உள்ளது. நத்தம் என்பது ஊர் தோன்றிய நாள் முதல் மக்கள் குடியிருப்பதற்கென விடப்பட்ட நிலம். அது சர்க்கார் புறம்போக்கு அன்று. வீடு கட்டிக் குடியிருப்பவருக்கே உரியது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. ஆயினும் வெகுகாலம் வரை நத்தத்துக்குத் தனிப்பட்டா இல்லை. பிற்பாடு நத்தம் நிலவரித் திட்டம் வந்து, வீடு வீடாக அளந்து, முதலில் தோராயப் பட்டாவும் பின்னர்த் தூய பட்டாவும் வழங்கினர். எங்கள் மனையை அளக்க வந்தபோது தந்தையார் தில்லியில் இருந்தார். சித்தப்பா வயலில் இருந்தார். அண்டை வீட்டார் சொன்ன பெயரை அதிகாரிகள் எழுதிக்கொண்டனர். அது என் பாட்டனாரின் பெயர். அவர் 1974-லேயே காலமாகிவிட்டார்! தலைப்பெழுத்தும் தவறு. ஆக, இறந்துபோன ஒருவர் பேரில், பிழையான முன்னெழுத்தோடு, 486 சதுர மீட்டர் மனை பதிவாகி அப்படியே கிடந்தது.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று என்பதைத் தாலுக்கா அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது கண்டேன். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. இடையில், 1980 நவம்பரில், பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளும் ஒழிக்கப்பட்டன. எந்த வயல் யாருடையது என்பதை மனத்திலேயே வைத்திருந்தவர்கள் அகன்ற காலமும், பதிவேட்டைத் திருத்தி எழுதிய காலமும் ஒன்றாயின. அந்நாளில் ஊரில் இல்லாதவர்களின் நிலத்துக்கு யார் பேசுவார்? அன்று விழுந்த பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வந்தவண்ணம் உள்ளன. அவற்றில் வெளியூர் முகவரிகள் மிகுதி என்பது நான் அந்த வாங்கில் உட்கார்ந்து கண்ட காட்சி.

பட்டாவை மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும். 1974-இல் பாட்டனார் மறைந்தபோது அதை எவரும் பதிவு செய்யவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்டுப் போன இறப்பைப் பதிவதற்கு உத்தரவு பெற வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. முன்பு அதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. இப்போது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்கிறோம். பதிவு இல்லை என்பதற்கு ஒரு சான்று, உறுதிமொழி ஆவணம், ஊர்ப் பெரியவர் இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றோடு நான்கு மாதங்கள் கழிந்தன. இதில் யாரையும் குறை கூற நான் முன்வரவில்லை. அன்று ஒரு மணி நேரத்தில் செய்திருக்கக்கூடிய காரியத்தை நாங்கள்தாம் ஐம்பது ஆண்டுகள் விட்டு வைத்தோம்.

அடுத்து வாரிசுச் சான்று. இந்த இடத்தில்தான் நான் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டனாருக்கு மக்கள் மூவர். மூத்தவர் தந்தையார், அடுத்தவர் சித்தப்பா, இளையவர் அத்தை. அத்தை 1968-இல் மணமாகிக் கும்பகோணம் சென்றவர். இப்போது எழுபத்தெட்டு வயது. கணவரை இழந்து மகனோடு வாழ்கிறார். மனு எழுதும்போது சித்தப்பா, “இரண்டு மகன்கள் என்று போடு. அவளுக்குக் கல்யாணத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. சட்டமும் அப்படித்தான். 89-க்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது” என்றார். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அத்தை உண்டென்பது தெரியும். இருந்தும் வாய் திறக்கவில்லை. விரைவில் வேலை முடிந்தால் போதும் என்றிருந்தேன். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். வயதில் என் மகனை ஒத்த இளைஞர். மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “பெண் மக்கள் யாரும் இல்லையா?” என்று கேட்டார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா கிணற்றைப் பார்த்தார். வாக்குமூலம் கொடுக்க வந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர்தாம், “ஏன் இல்லை? ஒரு பெண் இருக்கிறதே, கும்பகோணத்தில்” என்றார். அலுவலர் மனுவை மடித்து என் கையில் கொடுத்து, “சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள், ஐயா” என்று சொல்லிவிட்டுத் தம் வண்டியில் ஏறிப் போனார்.

சித்தப்பா சொன்ன சட்டம் நம் குடும்பங்களில் பலரும் நம்பிக்கொண்டிருப்பது. ஆதலால் அதைச் சற்று விளக்குவது நன்று. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியாகும்படி ஒரு திருத்தச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு என்றது. அந்நாளுக்கு முன் மணமான மகளிரை விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. ஆனால் எங்கள் மனைக்கு இவ்விரண்டுமே தேவையில்லை. அம்மனையைப் பாட்டனார் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் 1951-இல் கிரயம் வாங்கினார். ஒருவர் தாமே தேடிய சொத்தை உயில் எழுதாமல் விட்டு மறைந்தால், மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. பாட்டனார் மறைந்த 1974-லும் அதுவே சட்டம். பின்னர் மறைந்த பாட்டியின் பங்கும் மக்கள் மூவருக்கே. ஆக, அத்தை ஐம்பது ஆண்டுகளாக அம்மனையில் மூன்றில் ஒரு பங்குக்கு உடையவராகவே இருந்திருக்கிறார். அது அவருக்கும் தெரியாது; எங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களுக்கு அவசியம் நேரவில்லை என்பதே சரி.

கும்பகோணத்துக்குப் போனேன். அத்தை காபி கொடுத்தார். அண்ணன் உடல்நலம் கேட்டார். தில்லிக் குளிரைப் பற்றிக் கேட்டார். நான் விடுதலைப் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்து, “ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அத்தை” என்றேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார்.

“அளந்தீர்களா, தம்பி?”

“அளந்தோம்.”

“எவ்வளவு?”

“அறுபதுக்கு எண்பத்தேழு.”

“என்னைக் கேட்காமல் அளந்துவிட்டு, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று என்னையே எழுதித் தரச் சொல்கிறீர்கள்” என்றார். குரலில் சினமில்லை. “எனக்குப் பணம் வேண்டாம். அந்தக் கிணற்றில்தான் எனக்குப் பத்து வயது முதல் இருபது வயது வரை தண்ணீர் இறைக்கிற வேலை. கிணறு இருக்கிற பக்கத்தை என் பேரில் எழுதுங்கள். உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.”

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. தந்தையாரின் படத்தில் திண்ணை அறுபதடி. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பங்கு பிரிந்தால் எங்களுக்கு மிஞ்சுவது தெருவில் இருபதடி முகப்பு. உள்ளே எண்பத்தேழு அடி நீளம். ரெயில் பெட்டி போன்றதொரு மனை. இரவு தொலைபேசியில் தந்தையாரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவள் கேட்டது சரி. பாகப்பிரிவினையாகவே எழுது” என்றார்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதக் கிரயப் பத்திரத்தை எடுத்தபோது வேறொரு வேடிக்கை. 1951-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ‘36 குழி’ என்றிருந்தது. தஞ்சைக் குழி 144 சதுர அடி. ஆகவே 5184 சதுர அடி. நத்தம் பட்டாவில் 486 சதுர மீட்டர். அதாவது 5231 சதுர அடி. நாங்கள் நாடா பிடித்து அளந்ததோ 5220. மூன்று கணக்கும் மூன்று விதம். நான்கெல்லை ஒத்திருந்தால் இச்சிறு வேறுபாடு தடையாகாது என்று பத்திரம் எழுதுபவர் தேற்றினார். வில்லங்கச் சான்று எடுப்பதிலும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில் பல சார்பதிவகங்களின் பதிவுகள் 1975 முதல்தான் கிடைக்கின்றன; அதற்கு முற்பட்டவற்றுக்கு அலுவலகத்தில் மனுச் செய்து, பழைய ஏடுகளைப் புரட்டிக் கையால் எழுதி வாங்க வேண்டும். தில்லியில் உட்கார்ந்துகொண்டே எல்லாம் முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தவனுக்கு இஃது ஓர் அடி.

எண்பத்திரண்டு வயதில் தந்தையாரை ரெயிலேற்றுவது எவ்வாறு என்பதே எங்கள் பெருங்கவலை. அதற்குச் சட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. வெளிமாநிலத்து முதியவர் உள்ள ஒவ்வோர் இல்லமும் அறிந்திருக்க வேண்டிய வழி. இந்தியாவுக்குள் எங்கு வாழ்பவரும், தாம் வாழும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்று பெற்றால், அதைக் கொண்டு வேறொருவர் ஊரில் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நடமாட இயலாதவராயின் இல்லத்துக்கே வந்து பார்த்துச் சான்றளிக்கவும் அதில் இடமுண்டு. நோட்டரி ஒருவரின் முத்திரை போதும் என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். அதை நம்பிச் சென்று ஒரு முறை திரும்பி வந்தோம். குடும்பத்தினர் தமக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை, விடுதலை, தானப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஒரு வரம்புக்குள் அடங்கும். அவ்வரம்பு 2023 ஜூலையில் முறையே 25,000-லிருந்து 40,000 ரூபாயாகவும், 4,000-லிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆண்டுகள் போகப் போகச் செலவும் ஏறும். அதனினும் ஏறுவது கையெழுத்துகளின் எண்ணிக்கை. எங்களுக்கு மூன்று கையெழுத்து. அவர்கள் மூவரும் மறைந்தபின் செய்ய முனைந்திருந்தால் எட்டுப் பேர். அவர்களுள் இருவர் கடல் கடந்து இருப்பவர்.

பதிவுக்குப் பின் உட்பிரிவு. நில அளவர் வந்து மூன்று பாகமாகக் கல் நட்டார். கிழக்குப் பாகம் கிணற்றோடு அத்தைக்கு, நடுப்பாகம் தந்தையாருக்கு, மேற்குப் பாகம் சித்தப்பாவுக்கு. 2025 ஜூலையில் மூன்று பட்டாக்கள், தலைக்கு 162 சதுர மீட்டர் என்று பிரிந்து வந்தன. முன்னெழுத்தும் சரியாக இருந்தது.

இதற்கிடையே ஊராட்சி மன்றமும் மாறிவிட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, அவர்கள் இடத்தில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். முதலில் எனக்கு நாற்காலி போட்ட தலைவர் வீட்டில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இனிப் புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று அஞ்சினேன். ஊர் முனையில் ஒருவர், “என்னிடம் விடுங்கள், ஒரு தொகை கொடுங்கள், ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்” என்று முன்வந்தார். நல்ல வேளையாக, எங்கள் வீட்டுப் படத்தைத் திருத்தி வரைந்த பொறியாளர் வேறொன்று சொன்னார்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை 22-ஆம் நாள், சுயசான்று அடிப்படையில் உடனடிக் கட்டட அனுமதி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மனை 2500 சதுர அடிக்கு மேற்படாமலும், கட்டடம் 3500 சதுர அடிக்கு மேற்படாமலும், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடியோடு 7 மீட்டர் உயரத்துக்குள்ளும் இருந்தால், உரிமையாளர் தம் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றி, விதிகளின்படியே கட்டுவேன் என்று தாமே சான்றளித்துக் கட்டணத்தைச் செலுத்தினால், அனுமதி உடனே கிடைத்துவிடும். முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்புக் கட்டணமும் இல்லை. வீடு முடிந்தபின் முடிவுச் சான்றும் வேண்டியதில்லை. சொன்னது பொய்யானால் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

இங்கேதான் நான் சிறிது நேரம் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். பிரியாத மனை 5231 சதுர அடி. அது இத்திட்டத்துக்குள் அடங்கியிராது. பொது வழியிலேயே காத்திருந்திருக்க வேண்டும். பிரிந்த மனை 1744 சதுர அடி. சித்தப்பா தம் பங்கையும் அண்ணனுக்கே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். பொறியாளர், “இப்போது வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் 2500-ஐத் தாண்டிவிடும்” என்று தடுத்துவிட்டார்.

வீட்டின் அகலம், விட வேண்டிய இடைவெளி போகப் பதினைந்தடிதான். முன்னே சிறு திண்ணை, அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடம், இரண்டு அறை, சமையற்கட்டு, கொல்லைப்புறம். 2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, பட்டுக்கோட்டையில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து, பட்டா, பத்திரம், மனையின் புகைப்படம், வரைபடம் எல்லாவற்றையும் ஏற்றினோம். சதுர அடிக் கணக்கில் ஒரே கட்டணம், கட்டினோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அனுமதிக் காகிதம் அச்சாகிக் கைக்கு வந்தது. பத்தொன்பது மாதத்து முயற்சியில் ஊராட்சி அனுமதிக்கென்று சென்றது அந்த ஒரு மாலைதான்.

எங்கள் மனை நத்தம் ஆதலால் இவ்வளவில் முடிந்தது. எல்லார்க்கும் இவ்வாறு இராது. நம்மவர் பலர் 1990-களில் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில், மஞ்சள் வண்ணக் கல் நட்ட மனைகளைத் தவணையில் வாங்கிப் போட்டுள்ளனர். அவற்றில் மிகுதியும் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெறாதவை. 2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தபோதுதான் பலருக்குத் தாம் வாங்கியது என்ன என்று தெரிந்தது. பின்னர் 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கே அவை பொருந்தும். மனுச் செய்வதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இத்தகைய மனை வைத்திருப்பவர் வீட்டுப் படத்தை நினைப்பதற்கு முன், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தம் மனையின் நிலையைக் கேட்டறிவது நலம். வயலில் கட்ட எண்ணுபவர் நில வகை மாற்றம் பெற வேண்டும். புன்செய்யைவிட நன்செய்க்குக் கெடுபிடி மிகுதி, ஆட்சியர் வரை போகும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுவின் இசைவும் தேவைப்படும். காவிரிக் கரை ஊர்களில் இன்னொரு வகை உண்டு. வீடு நம்முடையது, அடிமனை கோயிலுக்குரியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் அந்த அடிமனையை நம் பேரில் பதிய முடியாது. முதலில் கோயில் நிர்வாகத்தோடு பேச வேண்டும். இவ்விவரங்களையெல்லாம் இளைஞர்கள் இணையத்தில் ஒரு மாலையில் பார்த்துவிடலாம். பட்டாவும் அவ்வாறே பார்க்கக் கூடியதுதான். ஆனால் அதில் உள்ள பெயருக்குரியவர் யார், அவருக்கு மக்கள் எத்தனை பேர் என்பதை வீட்டு முதியவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கடைக்கால் வெட்ட ஐப்பசிக்கு முன் ஒரு நாள் குறித்தோம். செங்கல் லாரி வந்து நின்றது. இருபதடி மனையில் குழி வெட்டியபின் கல்லை எங்கே இறக்குவது? சித்தப்பாவின் பாகத்தில் புதிதாக வைத்த தென்னங்கன்றுகள். ஓட்டுநர் கிணற்றுப் பக்கம் வண்டியைத் திருப்பினார். “நிறுத்துங்கள்” என்று சொல்லிவிட்டுக் கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“அத்தை, உங்கள் மனையில் பத்து நாளைக்குச் செங்கல் இறக்கிக்கொள்ளலாமா?”

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு அத்தை, “எத்தனை லோடு?” என்று கேட்டார்.